ஒற்றைக் கால் வலி

எங்கள் தெருவில் இப்போது எல்லோருக்கும் நடைப்பயிற்சிப் பைத்தியம். டாக்டர் சர்க்கரை என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டால் போதும், மறுநாளே புது ஷூ மாட்டிக்கொண்டு பனியன் கம்பெனி மதில் ஓரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். நாலு எட்டு நடந்து பழக்கமில்லாத உடம்பு, முதல் நாளே ஊரைச் சுற்றினால் என்ன ஆகும்? ரெண்டு நாள் கழித்து என் வாசலில் வந்து நிற்பார்கள். "அக்கா, தொடையெல்லாம் ரணமா வலிக்குதுங்க. நாளைக்கு நடக்கப் போலாமுங்களா, வேண்டாமுங்களா?"

நான் டாக்டர் இல்லை, நர்சும் இல்லை. தேயிலைக் கொழுந்து பறித்தவள், இப்போது பனியனில் பிசிறு வெட்டுகிறவள். ஆனாலும் இந்த ஒரு கேள்விக்கு எனக்குப் பதில் தெரியும். உட்காரவைத்து, காலைத் தூக்கி என் மடியில் வைத்து அமுக்கிப் பார்ப்பேன். "ஆ, அங்கதானுங்க, இன்னும் கொஞ்சம் அமுக்குங்க" என்றால் மறுநாளும் நடக்கச் சொல்லி அனுப்பிவிடுவேன். காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டால் நேரே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்வேன். சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டுப் போகட்டும்.

இந்தப் பேச்சு நடக்கும்போது என் வீட்டுக்காரர் வாசலில் இருந்தால் எழுந்து உள்ளே போய்விடுவார். டிவி சத்தத்தைக் கொஞ்சம் கூட்டி வைத்துக்கொள்வார். இத்தனை வருஷத்தில் ஒரு நாள்கூட அவர் அங்கே உட்கார்ந்து இதைக் கேட்டதில்லை.

இந்த ஊருக்கு வருவதற்கு முன்னால் நாங்கள் நீலகிரியில், கட்டபெட்டுக்கு மேலே ஒரு எஸ்டேட்டில் இருந்தோம். என்னைப் பெற்றவர்களும் அவரைப் பெற்றவர்களும் சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவர்கள். அங்கேயும் தேயிலை, இங்கேயும் தேயிலை, நடுவில் கடல் ஒன்றுதான் புதிதாகப் பார்த்தோம் என்று என் அப்பா சொல்வார். நான் கொழுந்து எடுத்தேன். அவர் பாக்டரியில் மாடி வேலை. பறித்து வந்த கொழுந்தை அரைப்பதற்கு முன்னால் பரப்பி வாட்டுகிற மாடி அது. நீளமென்றால் அப்படி ஒரு நீளம். இந்தக் கோடியில் நின்றால் அந்தக் கோடியில் நிற்கிறவன் ஆணா பெண்ணா என்று தெரியாது. கம்பிவலை போட்ட நீளத் தொட்டிகள் வரிசையாக இருக்கும், அவற்றுக்கு நடுவில் நடக்கச் சந்து. கல்யாணமான புதிதில் அவர் சட்டையில் எப்போதும் வாடிய கொழுந்து வாசனை அடிக்கும். எனக்கு அந்த வாசனை பிடிக்கும்.

தேயிலை விலை விழுந்தபோது எங்களுக்கு யாரும் வந்து சொல்லவில்லை, வேலை குறைந்ததை வைத்துத்தான் தெரிந்துகொண்டோம். முதலில் ஓவர்டைம் போனது. பிறகு வாரத்தில் பாதி நாள்தான் வேலைக்குப் பேர் போட்டார்கள். பிறகு பாக்டரியையே நிறுத்திவிட்டு, எங்கள் கொழுந்தை லாரியில் ஏற்றி வேறு பாக்டரிக்கு விற்றார்கள். மாடி ஆட்களையெல்லாம் களை வெட்ட அனுப்பினார்கள். சுற்றுவட்டாரத்தில் சொந்தமாகத் தோட்டம் வைத்திருந்த படகர் வீடுகளிலேயே, பறிக்கிற கூலிக்குக் கட்டாது என்று கொழுந்தைச் செடியோடு விட்டுவிட்டார்கள். இடுப்பு உயரச் செடி தலைக்கு மேலே மரமாக வளர்ந்து நிற்கும். எஸ்டேட் மூடினால் எஸ்டேட் கொடுத்த லயத்து வரிசை வீட்டையும் காலி பண்ணவேண்டும், எங்களுக்கென்று வேறு கூரை கிடையாது. மகள் அப்போது ரெண்டாவது படித்துக்கொண்டிருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் வனக்காவலர் வேலைக்கு ஆள் எடுக்கிறார்கள் என்று அவர் கேள்விப்பட்டு வந்தார். வயது வரம்புக்கு அவருக்கு அதுதான் கடைசித் தடவை. எழுத்துப் பரீட்சையில் தேறிவிட்டார். மிச்சம் இருந்தது நடை. சமவெளி ரோட்டில் நாலு மணி நேரத்துக்குள் இருபத்தைந்து கிலோமீட்டர் நடந்து காட்டவேண்டும். கேட்டதும் லயமே சிரித்தது. பிறந்ததிலிருந்து மேடும் பள்ளமும் ஏறி இறங்குகிறவனுக்கு நடையில் பரீட்சையா என்றார்கள். நானும் சிரித்தேன். அவருக்கு வேலை கிடைத்துவிட்டது என்றே முடிவு கட்டி, வேலையோடு கிடைக்கிற க்வாட்டர்சில் ஜன்னலுக்குத் திரை எந்த நிறத்தில் போடலாம் என்றுகூட யோசித்தேன். பைத்தியக்காரி.

மேட்டுப்பாளையம் போன ஒரு நாளில் அவர் அங்கே ரோட்டில் வேகமாக நடந்து பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவர் முகம் சரியாக இல்லை.

"நம்ம காலுக்குச் சமதளம் தெரியல புள்ள" என்றார். "முழங்காலுக்குக் கீழ முன்பக்கமா இழுத்துப் பிடிக்குது. என்னைத் தாண்டிக்கிட்டு ஒரு கிழவர் போறாரு, காய்கறிப் பையோட."

அவர் சொன்னது நிஜம்தான். எங்கள் நடை முழங்காலை மடித்து, மூச்சைப் பார்த்து, மெதுவாக ஏறுகிற நடை. நேர் ரோட்டில் எட்டி எட்டிப் போட்டு மணிக்கணக்கில் போவது வேறு விஷயம். அதைப் பழகலாமென்றால் எங்கள் எஸ்டேட்டில் சமமான இடம் எங்கே இருக்கிறது? வீட்டு வாசலே சாய்வு. போதாததற்கு மழைக்காலம் வேறு, பஞ்சு மாதிரி மிஸ்ட் இறங்கினால் பக்கத்து லயம் தெரியாது. அப்போதுதான் அவருக்குப் பாக்டரி மாடி ஞாபகம் வந்தது. வாட்ச்மேனாக இருந்தவர் அவரோடு மாடியில் வேலை செய்தவர்தான். சாவியைக் கொடுத்து, "நட தம்பி, எலியாவது பயந்து ஓடட்டும்" என்றாராம். காலையில் பேர் கூப்பிடுவதற்கு முன்னால் ஒரு நடை, சாயந்தரம் களை வெட்டிவிட்டு வந்து ஒரு நடை. கொழுந்து இல்லாத தொட்டிகளைச் சுற்றி மணிக்கணக்கில் நடந்தார்.

மாடியில் ஒரு பழைய வழக்கம் உண்டு. கொழுந்துச் சாக்கைத் தூக்கிக்கொண்டு வலப்பக்கச் சந்தில் போகவேண்டும். கோடியில் இடப்பக்கம் திரும்பி, இடப்பக்கச் சந்தில் வரவேண்டும். எதிர் வழியில் யாரும் வரக்கூடாது, வந்தால் சாக்கோடு சாக்கு மோதிக்கொள்ளும். எத்தனையோ வருஷம் அப்படி நடந்த கால் அவருடையது. ஆளே இல்லாத மாடியிலும் அது அந்த வழியைத்தான் பிடித்தது. தினமும், ஒவ்வொரு சுற்றிலும், இடப்பக்கமாகவே திரும்பிக்கொண்டிருந்தார். அவருக்கும் அது தோன்றவில்லை, எனக்கும் தோன்றவில்லை.

முதல் வாரம் மனிதர் படாத பாடு பட்டார். லயத்துப் படியில் இறங்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில் இறங்குவார். கக்கூசில் உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியவில்லை என்று சொல்லி அவரே சிரித்தார். பக்கத்து வீட்டுக்காரி, "என்ன, மாப்பிள்ளைக்குப் புதுசாப் பேர் பதிஞ்சிருக்காங்களா?" என்று கிண்டல் செய்தாள். புதிதாகக் கொழுந்துக்குப் போகிற பெண்கள் இப்படித்தான் நடப்பார்கள். எனக்கும் அப்படித்தான் இருந்தது. முதல் நாள் ஒன்றும் தெரியாது, மறுநாள் வலிக்கும், அதற்கு மறுநாள் தலையில் கூடையை வைக்கவே கை வராது. ஆனால் மலையில் இறங்கி நாலு செடி பறித்தால் உடம்பு சூடாகி வலி இளகிவிடும். வாரம் திரும்புவதற்குள் போயே போய்விடும். உடம்பு பழகுகிறது என்று அதற்குப் பேர். அதற்காக யாரும் லீவு போடமாட்டோம்.

அவருக்கும் அதே வலிதான். ரெண்டு கெண்டைக்காலிலும், ரெண்டு தொடையிலும், பரவலாக. சாயந்தரம் அடுப்பு முன்னால் உட்காரவைத்து நீலகிரித் தைலத்தைச் சூடுபறக்கத் தேய்ப்பேன். கண்ணை மூடிக்கொண்டு, "இன்னும், இன்னும் கொஞ்சம் அழுத்து" என்பார். கட்டைவிரலை வைத்து நான் அழுத்துகிற அழுத்தில் வேறு யாராவதாக இருந்தால் கத்தியிருப்பார்கள். அவருக்கு அது சுகமாக இருந்தது. அந்த நாட்களில் எங்கள் இருவருக்கும் நடுவில் ஒரு பிரியம் திரும்பி வந்திருந்தது என்றுதான் சொல்லவேண்டும். வேலை குறைந்ததிலிருந்து முகம் கொடுத்துப் பேசாத மனிதர், கால் வலியால் என் கைக்கு வந்து சேர்ந்தார். எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

வலி போனது. நடையும் கூடியது. சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு வந்து, இன்றைக்கு எவ்வளவு வேகம் என்று சொல்வார். பிறகு ஒரு சாயந்தரம், வழக்கம்போல் தைலத்தை எடுத்து வலது காலைத் தேய்த்து முடித்து, இடது காலை எடுத்தேன். முழங்காலுக்கும் கணுக்காலுக்கும் நடுவில், உள்பக்கம், எலும்பின் ஓரமாக என் விரல் பட்டது. காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார்.

"ஏங்க, என்ன?"

"ஒண்ணுமில்ல. உன் கை சில்லுனு இருக்கு."

அடுப்பில் காட்டிய தைலம் தேய்த்த கை எங்கேயிருந்து சில்லென்று இருக்கும்? நான் மறுபடி அந்த இடத்துக்கு விரலைக் கொண்டுபோனேன். படுவதற்கு முன்னாலேயே கால் தானாக ஒதுங்கியது. அவர் வேண்டுமென்று ஒதுக்கவில்லை. கால் ஒதுங்கியது. தேய்க்கச் சொல்லிக் கேட்கிற வலியை நான் பார்த்திருக்கிறேன், என் உடம்பிலேயே பார்த்திருக்கிறேன். இது கையைக் கண்டால் ஓடுகிற வலி. ரெண்டு காலும் ஒரே நடைதான் நடக்கின்றன, ஒரு கால் மட்டும் ஏன் வலிக்கவேண்டும்?

மறுநாளிலிருந்து, "தைலம் போதும், காலு பழகிடுச்சு" என்றுவிட்டார்.

வலியை மறைக்கிற வித்தை எங்கள் ஆட்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. காலையில் பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற மைதானத்தைச் சிலோன் வழக்கத்தில் பெரட்டுக்களம் என்போம். வேலை குறைந்த காலத்தில் சூப்பர்வைசர் அங்கே நின்று முகத்தைப் பார்க்கமாட்டான், நடையைத்தான் பார்ப்பான். யாராவது நொண்டினால், "உடம்பு முடியலன்னா ரெஸ்ட் எடுத்துக்க" என்று அன்பாகச் சொல்வான். அந்த ரெஸ்ட் அதோடு முடியாது, அடுத்த வாரமும் பேர் இருக்காது. அதனால் என்ன வலியாக இருந்தாலும் பெரட்டுக்களத்தில் நேராக நடந்து, பாதை திரும்பி மறைந்த பிறகுதான் நொண்டுவார்கள். சில ஆட்கள் இன்னும் கெட்டிக்காரர்கள். ஒரு காலில் வலி என்றால் நல்ல காலையும் அதே மாதிரி கொஞ்சம் இழுத்து வைப்பார்கள். ரெண்டும் ஒன்றுபோல் இருந்தால் அது நொண்டலாகத் தெரியாது, சோம்பல் நடையாகத் தெரியும். சோம்பலுக்குத் திட்டுத்தான் கிடைக்கும், பேர் போகாது.

அவர் அப்படி நடக்க ஆரம்பித்திருந்தார். எங்கே? என் வீட்டுக்குள், அடுப்படிக்கும் கட்டிலுக்கும் நடுவில். பார்த்ததும் எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது.

"நான் என்ன சூப்பர்வைசரா?" என்று கேட்டேன். "உங்க பேரையா வெட்டப்போறேன் நான்? எனக்கு முன்னாடி எதுக்கு இந்த நடை?"

நான் விடவில்லை. மறுநாள் வேலை இல்லாத நாள், கையைப் பிடித்து இழுக்காத குறையாகக் கோத்தகிரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனேன். அங்கே இருந்த டாக்டரம்மா அந்த எலும்பின்மேல் விரல் வைத்ததும் அவர் பெஞ்சின் விளிம்பை இறுக்கிப் பிடித்தார். படம் எடுத்தார்கள். தலைமுடி விழுந்த மாதிரி ஒரு கோடு தெரிந்தது.

"எங்கே நடக்கறீங்க?" என்று டாக்டரம்மா கேட்டார். மாடியைப் பற்றிச் சொன்னோம். எந்தப் பக்கம் திரும்புவீர்கள் என்று கேட்டார். இவர் யோசித்து, கையால் காற்றில் சுற்றிக் காட்டினார். காட்டும்போதே இவருக்குப் புரிந்துவிட்டது.

"தினமும் ஒரே பக்கமாவே திரும்பினா ஒரு காலுக்குத்தான் பளு விழும். போதாததுக்குக் கெட்டிப் பலகைத் தரை, திடீர்னு இவ்வளவு நடை. இது சதை வலி இல்லீங்க, எலும்புல கீறல். இப்ப நிறுத்தினா தானாக் கூடிடும். இதுக்கு மேல நடந்தா உடைஞ்சிரும்."

"எத்தனை நாளைக்குங்க நிறுத்தணும்?"

"ரெண்டு மாசமாவது."

நடைப் பரீட்சை அந்த மாசக் கடைசியில். டாக்டரம்மாவிடம் அதைச் சொன்னபோது அவர் பேனாவை மூடி வைத்துவிட்டு எங்கள் இருவரையும் பார்த்தார். பஸ்ஸில் திரும்பி வரும்போது இவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே இருந்தார். கட்டபெட்டு வருவதற்குள், "ரெண்டு மாசம் கழிச்சுக் காலு இருக்கும். வேலை இருக்காது" என்றார்.

"காலு இருந்தா வேற வேலை பாக்கலாம்."

"எங்க? சொல்லு புள்ள. எந்த எஸ்டேட்ல இப்ப ஆள் எடுக்கறான்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. தெரியாவிட்டால் சும்மா இருக்கவேண்டும். நான் சும்மா இருக்காமல், நீங்கள் நடக்கப் போனால் நான் மகளைக் கூட்டிக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போய்விடுவேன் என்று மிரட்டினேன். அம்மா வீடு அடுத்த லயம். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எனக்கும் வந்துவிட்டது. சிரித்ததால் ஒத்துக்கொண்டார் என்று நான் நினைத்தேன்.

ஒத்துக்கொள்ளவில்லை. ஒரு வாரம் வீட்டில் இருந்தார், பிறகு ஒரு சாயந்தரம் காணவில்லை. எனக்குத் தெரியாதா எங்கே போயிருப்பார் என்று. பாக்டரிக்குக் கீழே போய் நின்றேன். மிஸ்ட்டில் கட்டடமே தெரியவில்லை, சத்தம் மட்டும் வந்தது. மாடித் தரை பலகைத் தரை, கீழே நின்றால் ஒவ்வொரு எட்டும் கேட்கும். ஒரு எட்டு பலமாக, ஒரு எட்டு மெல்ல. ஒரு எட்டு பலமாக, ஒரு எட்டு மெல்ல. எந்தக் கால் எது என்று எனக்குப் பார்க்காமலே தெரிந்தது. வாட்ச்மேன் என்னைப் பார்த்துவிட்டு, "இப்ப மறுபக்கமாத்தான் சுத்தறான்மா, வலப்பக்கமாத் திரும்பறான். அந்தக் காலுக்குப் பளு இல்லயாம்" என்று ஆறுதல் சொன்னார். என்ன கணக்கு பாருங்கள். ஒரு காலை உடைக்கப் பார்த்தாயிற்று, இனி மறுகால்.

மேலே ஏறிப் போய் இழுத்து வந்திருக்கலாம். சண்டை போட்டேன், சாப்பாடு போடாமல் இருந்து பார்த்தேன், அழுதும் பார்த்தேன். மகளை அனுப்பி, "அப்பா நடக்காதீங்கப்பா" என்று சொல்ல வைத்தேன். எல்லாவற்றுக்கும் தலையாட்டுவார், மறுநாள் போவார். பரீட்சை நெருங்கியபோது ஒரு நாள் மறுபடி கீழே நின்று கேட்டேன். சத்தம் சமமாக வந்தது. பலமும் மெல்லவும் இல்லை, ரெண்டு எட்டும் ஒன்றுபோல. கால் சரியாகிவிட்டதோ என்று ஒரு நிமிஷம் நெஞ்சு துள்ளியது. பிறகுதான் உறைத்தது. நல்ல காலையும் மெல்ல வைக்கப் பழகிவிட்டார்.

பரீட்சைக்கு என்னை வரவேண்டாம் என்றார். நான் மகளைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு, அதே பஸ்ஸில் பின்சீட்டில் ஏறிக்கொண்டேன். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போதுதான் பார்த்தார். திட்டவில்லை. "வந்துட்டியா, சரி, தள்ளி நில்லு" என்றார்.

ஊருக்கு வெளியே நேரான ரோடு. ஒரு பக்கம் பந்தல் போட்டு அதிகாரிகள் உட்கார்ந்திருந்தார்கள். பந்தலிலிருந்து கிளம்பி, கண்ணுக்கெட்டாத ஒரு பாலம் வரைக்கும் போய், திரும்பி வந்து, மறுபடி போகவேண்டும். முதுகில் நம்பர் குத்திய ஆட்கள், எல்லாம் சின்னப் பையன்கள், இவர்தான் அதில் பெரிய ஆள். ரோட்டோரத்தில் என்னைப்போல அம்மாக்களும் பெண்டாட்டிகளும் நின்றிருந்தார்கள். மலையை விட்டு இறங்கினால் எனக்கு எப்போதும் மூச்சு முட்டும். அன்றைக்கு வெயில் ஏற ஏறத் தலை சுற்றியது.

முதல் நடையில் நன்றாகத்தான் போனார். ரெண்டாவதிலும் நடுக் கூட்டத்தில் இருந்தார். அவர் நேரத்துக்குள் வந்துவிடுவார் என்று எனக்கே தோன்றியது. நிஜத்தைச் சொல்கிறேன், அந்த நேரத்தில் எனக்கு ஆசையாக இருந்தது. டாக்டரம்மா சொன்னதெல்லாம் பொய்யாகப் போகட்டும், இன்னும் கொஞ்சம்தான், என்று வேண்டிக்கொண்டேன். அடுத்த தடவை பந்தலைத் தாண்டிப் போகும்போது அவர் முகத்தைப் பார்த்தேன். முகத்தில் ஒன்றுமே இல்லை. பெரட்டுக்களத்து முகம். உதடு மட்டும் வெளுத்துக் கிடந்தது. ரெண்டு காலையும் ஒரே அளவாக இழுத்து வைத்துக்கொண்டு போனார், பார்க்கிறவர்களுக்குக் களைத்த நடையாகத் தெரிந்திருக்கும். இடது பாதம் தரையில் படும்போதெல்லாம் அவர் கழுத்து நரம்பு எழுந்து இறங்கியது. அது என் கண்ணுக்குத்தான் தெரியும்.

என் ஆசையெல்லாம் அந்த இடத்தில் செத்துப்போனது. அவர் பாலம் வரைக்கும் போய்த் திரும்பி வருவதற்குள் நான் பந்தலுக்குப் போனேன். காக்கி உடுப்பில் உட்கார்ந்திருந்த ஒரு பெரிய அதிகாரியிடம் கையைக் கூப்பினேன்.

"ஐயா, ஒருத்தரு எலும்பு வெடிச்ச காலோட நடக்கறாருங்க. படத்துலயே தெரிஞ்சதுங்க. தயவுபண்ணி நிறுத்துங்க" என்று சொல்லி, நம்பரையும் சொன்னேன்.

அவர் நல்ல மனிதர்தான். எழுந்து ரோட்டுக்கே வந்து நின்றார். இவர் திரும்பி வந்ததும் கூடவே நாலு எட்டு நடந்துகொண்டே கேட்டார், "ஏப்பா, கால்ல அடி கிடி இருக்குதா? இந்தம்மா சொல்றாங்களே?"

இவர் நிற்கவில்லை. என் பக்கம் திரும்பவும் இல்லை. "காலெல்லாம் நல்லா இருக்குங்க சார். இந்தம்மா யாருன்னே எனக்குத் தெரியாதுங்க" என்றார். குரல் தெளிவாக இருந்தது. அதே நடையில் போய்விட்டார்.

அதிகாரி என்னிடம் திரும்பி வந்தார். முகம் மாறியிருந்தது. "ஏனுங்கம்மா, உங்க ஊட்டுப் பையன் யாராச்சும் இதுல நடக்கறாங்களா? அதுக்காக அடுத்தவன் பொழப்பைக் கெடுக்கலாமுங்களா?"

நான் வாயைத் திறந்தேன். என்ன சொல்வது? அவர் என் புருஷன் என்று சொன்னால், புருஷனே தெரியாது என்றதற்கு என்ன காரணம் சொல்வது? சொன்னால் ஒருவேளை பொய் சொன்னதற்கென்றே அவரை வெளியே தள்ளிவிடுவார்களோ என்று பயமாகவும் இருந்தது. தலையைக் குனிந்துகொண்டேன். பக்கத்தில் நின்ற பெண்கள் என்னை விட்டு ஒதுங்கினார்கள். ஒருத்தி, "பாத்தா நல்லவளாட்டத் தெரியறா" என்று என் காதுபடச் சொன்னாள். நான் ரோட்டோரத்துப் புழுதியில் உட்கார்ந்துவிட்டேன். கல்யாணமாகி அத்தனை வருஷத்தில் அவர் என்னை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்திருந்தால்கூட அவ்வளவு வலித்திருக்காது.

கடைசி நடை. பையன்கள் ஒவ்வொருவராக வந்து முடிவுக் கோட்டைத் தாண்டி விழுந்தார்கள். அம்மாக்கள் ஓடிப்போய்த் தண்ணீர் கொடுத்தார்கள். நேரம் இன்னும் மிச்சம் இருந்தது. தூரத்தில் இவர் வருவது தெரிந்தது. அப்போது ரெண்டு காலையும் ஒன்றுபோல் வைக்கிற தெம்பு அவருக்கு இல்லை, நொண்டல் வெளியே தெரிந்தது. எழுந்து நின்றேன். கோடு அவருக்கு எதிரிலேயே இருந்தது, நம் வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல் எவ்வளவோ அவ்வளவு தூரம். இடது காலை வைத்தார். கால் நடுவில் மடிந்தது. மடியக்கூடாத இடத்தில் மடிந்தது. சத்தமே இல்லாமல் பக்கவாட்டில் விழுந்தார்.

நான் ஓடவில்லை. நான் யார் என்று ஓடுவது? நாலைந்து பேர் சுற்றி நின்றுகொண்டார்கள். அவர் கைகளை ஊன்றிக் கோட்டைப் பார்த்து நகரப் பார்த்தார், ஒருத்தர் தோளைப் பிடித்துப் படுக்கவைத்தார். யாரோ ஜீப்பைக் கூப்பிட்டார்கள். அந்த அதிகாரி குனிந்து, "கூட யாராச்சும் வந்திருக்காங்களாப்பா?" என்று கேட்டார். பிறகு நிமிர்ந்து, எங்கள் பக்கம் திரும்பிச் சத்தமாகக் கேட்டார், "இவரோட வந்தது யாருங்க?"

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அவரே சொல்லட்டும் என்று நான் நின்றேன். அவ்வளவு பிடிவாதம் எனக்குள் எங்கேயிருந்து வந்தது என்று இன்றைக்கும் தெரியவில்லை.

தார் ரோட்டில் படுத்தபடியே அவர் கூட்டத்தின் கால்களுக்கு நடுவே என்னைத் தேடினார். கண்டுபிடித்ததும் கையைத் தூக்கிக் காட்டினார்.

"அவதாங்க சார். என் சம்சாரம்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் போய் இவர் தலையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். உடம்பு முழுக்க நடுங்கிக்கொண்டிருந்தது, பற்கள் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டன. கோட்டைத் தாண்டியதாக எழுதிக்கொள்வார்களா என்று என்னிடம் கேட்டார். மாட்டார்கள் என்றேன். அப்போதும் கால் வலிக்கிறது என்று அவர் சொல்லவில்லை.